நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு சொட்டு

எனக்குக் கணக்கு என்றாலே ஒரு துள்ளல் வந்துவிடும். நர்சிங் படித்த காலத்தில் மருந்துக் கணக்கு வகுப்பு என்றால் என் தோழிகளுக்குத் திடீர் திடீரென்று தலைவலி வரும். நான் முதல் பெஞ்சில் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நோயாளியின் எடை இவ்வளவு, பாட்டிலில் கலந்த மருந்து இவ்வளவு, மணிக்கு எத்தனை மில்லி போக வேண்டும்? விடை சரியாக வந்துவிட்டால் அன்று விடுதியின் உப்புமாகூட ருசியாக இருக்கும்.

இப்போது ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வார்டு நர்ஸ். தளவாய்புரத்திலிருந்து தினமும் பஸ். அந்தத் துள்ளல் இன்னும் அடங்கவில்லை. எங்கள் வார்டுக்கு வரும் டிரிப்ஸ் டியூபில் இருபது சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி. ஆகவே மணிக்கு எத்தனை மில்லி போக வேண்டுமோ, அதை மூன்றால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்பது கையில் வந்துவிடும். பேப்பர் வேண்டாம், கால்குலேட்டர் வேண்டாம். இந்தக் குறுக்குவழி எனக்கு விளங்கிய அன்று கேன்டீனில் எல்லோரையும் பிடித்து வைத்துச் சொன்னேன். ஒருவர்கூட டீ கிளாஸைக் கீழே வைக்கவில்லை.

சொட்டை எண்ணி விடுவது பாதி வேலைதான். எண்ணி விட்டதை அப்படியே இருக்க வைப்பதுதான் பெரும்பாடு. எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் குளுக்கோஸ் பாட்டில் புதிதல்ல. காய்ச்சலா, களைப்பா, சம்பந்தி வீட்டு விசேஷத்துக்கு அலைந்த அலுப்பா, "ஒரு பாட்டில் ஏத்தி விடுங்க சிஸ்டர்" என்று கேட்டு வாங்கி ஏற்றிக்கொள்வார்கள். அதனால் டியூபில் தொங்கும் அந்தச் சின்னச் சக்கரம் தெரியாத வீடே கிடையாது. மேலே தள்ளினால் வேகம், கீழே தள்ளினால் நிறுத்தம். மூன்று மணிக்கு பஸ் என்றால் இரண்டரைக்குள் பாட்டிலைக் காலி பண்ணிவிடுவார்கள். நாம் திரும்பி வந்து பார்த்தால் ஒன்றும் தெரியாத முகத்தோடு பையைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். வெறும் குளுக்கோஸ் என்றால் நானும் முறைத்துவிட்டு விட்டுவிடுவேன். எல்லாப் பாட்டிலும் வெறும் குளுக்கோஸ் இல்லையே.

ஆடிப்பூரத் தேருக்கு முந்தின நாள் காலையில் அந்த அக்காவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஊர் வன்னியம்பட்டி. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டும் கொட்டகையில் வேலை. வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். தேர் நேரத்தில் பால்கோவா ஆர்டர் குவியும், அடுப்பை விட்டு நகர முடியாது. வாணலிக்கு முன்னால் நின்று கிண்டிக்கொண்டிருந்தவர், கால் இரண்டும் துவண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை.

ரத்தம் எடுத்தோம், ஈசிஜி எடுத்தோம். உடம்பில் பொட்டாசியம் அடிமட்டத்தில் கிடந்தது. உப்பு மாதிரி ஒரு சத்து அது. தசைக்கு வேண்டும், எல்லாவற்றையும்விட இதயத்துக்கு வேண்டும். ஈசிஜி பேப்பரில் கோடு இப்போதே கொஞ்சம் கோணலாக ஓடத் தொடங்கியிருந்தது. டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "இன்னும் இறங்கினா ஹார்ட் தாளம் தப்பிரும். அவசரப்பட்டு ஏத்தினாலும் நின்னுரும். பார்த்துப் பண்ணுங்க சிஸ்டர்" என்றார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. அவர் இவ்வளவு பேசியதால் மருந்துச் சீட்டை இரண்டு முறை படித்தேன்.

வழக்கமாகப் பொட்டாசிய மருந்தை, சொட்டைத் தானே அளந்து விடும் மெஷினில்தான் விடுவோம். அன்று எங்கள் வார்டு மெஷினை ஐசியூவுக்கு வாங்கிப் போயிருந்தார்கள். ஆகவே என் கடிகாரமும் என் கண்ணும்தான். அரை லிட்டர் பாட்டிலில் மருந்தைக் கலந்து நன்றாகக் குலுக்கினேன். நாலு மணி நேரத்தில் போக வேண்டும். மணிக்கு நூற்றிருபத்தைந்து மில்லி. மூன்றால் வகு. நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு சொட்டு. சக்கரத்தை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, எண்ணி, மறுபடி நகர்த்தி, நாற்பத்திரண்டு வந்ததும் உள்ளுக்குள் ஒரு குதி குதித்தேன்.

அட்மிஷன் கேள்விகளையும் நான்தான் கேட்டேன். கேள்வியெல்லாம் கட்டிலில் படுத்திருந்த அக்காவுக்கு. பதிலெல்லாம் பக்கத்தில் நின்ற அவர் கணவரிடமிருந்து. நெடுநெடுவென்று உயரம், முறுக்கேறிய கை, வாய் ஓயாத ஆள்.

"வாந்தி, வயித்துப்போக்கு ஏதும் உண்டா அக்கா?"

"அதெல்லாம் ஒண்ணும் கெடையாது சிஸ்டர்."

"வீட்டுல என்ன மாத்திரை சாப்பிடுதீங்க?"

"பிரஷர் மாத்திரை ஒண்ணு. அம்புட்டுதான்."

அக்கா மேலே ஓடும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் எழுதிக்கொண்டேன். பிரஷர் மாத்திரையை எங்கள் மருந்திலிருந்தே கொடுக்கச் சொல்லி டாக்டர் எழுதினார். "அண்ணே, இந்தச் சக்கரத்தை யாரும் தொடக் கூடாது, கேட்டீங்களா?" என்றேன். "சரிங்க சிஸ்டர்" என்றார். நான் அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

மதியம் திரும்பி வருகிறேன், டியூபில் சொட்டே இல்லை. நூல் மாதிரி ஒரே ஒழுக்கு. பாய்ந்து போய் சக்கரத்தை அடைத்தேன். நாடியைப் பிடித்தேன், ஈசிஜியை இழுத்து வந்தேன், டாக்டரைக் கூப்பிட்டேன். நல்ல வேளையாக, திறந்து விட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கோடு காலையில் இருந்தபடிதான் இருந்தது. டாக்டர் பெருமூச்சு விட்டுவிட்டு என்னைப் பார்த்துவிட்டுப் போனார்.

"கை எரிஞ்சுதா அக்கா?" என்று கேட்டேன். இந்த மருந்து வேகமாகப் போனால் நரம்பு தீயாக எரியும்.

"எரியலியாம் சிஸ்டர்" என்றார் கணவர்.

"யாரு அண்ணே திறந்தது?"

"நாந்தான். எறும்பு ஊருத மாதிரில்ல எறங்குது. சீக்கிரம் ஏறுனா தெம்பு வந்துரும், சாயந்திரம் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரலாம்னுதான்."

எனக்குக் கோபம் வந்தால் குரல் வார்டு தாண்டிப் போகும். வாயைத் திறந்தும் விட்டேன். ஆனால் காலையில்தான் தொடாதே என்று சொல்லியிருந்தேன், அவரும் சரி என்றுதான் சொல்லியிருந்தார். அதையே இன்னும் சத்தமாகச் சொல்லி என்ன ஆகப் போகிறது? மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு, "அப்படி என்ன அண்ணே அவசரம்?" என்றேன்.

"நாளைக்குத் தேருல்ல சிஸ்டர். நான் கட்டை போடுதவன்."

அதைச் சொல்லும்போதே அவர் முதுகு நிமிர்ந்தது. ஆண்டாள் தேர் ஓடும்போது சக்கரத்துக்கு முன்னால் முட்டுக்கட்டை கொடுத்து ஓட்டத்தைப் பிடிப்பவர்கள் இருப்பார்கள். வீதி முனையில் தேரைத் திருப்புவதும் அந்தக் கட்டையை வைத்துத்தான். எனக்குப் பளிச்சென்று பொறி தட்டியது. ஸ்டூலை இழுத்துப் போட்டு, "கட்டை எப்படிப் போடுவீங்க, சொல்லுங்க" என்றேன்.

மனிதர் எழுந்து நின்றுவிட்டார். "வடம் இழுக்குதவிய பாட்டுக்கு இழுப்பாவ. அவியளுக்கு சக்கரம் தெரியாது. நாங்க கூடவே போவோம். சக்கரம் எம்புட்டு உருளணுமோ அம்புட்டுதான் உருள விடுவோம். கட்டை மேல ஏறி, மெதுவா எறங்கி, மறுபடி ஏறணும்." கையாலேயே சக்கரத்தை உருட்டிக் காட்டினார். அடுத்த கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இழுக்குறவங்க அவசரப்படுறாங்கன்னு கட்டையை எடுத்துட்டா?"

அவருக்கு முகமே மாறிவிட்டது. "எடுத்துட்டாவா? என்ன சிஸ்டர் இப்படிக் கேக்கிய? முன்னால அம்புட்டு சனம் நிக்கும்."

நான் டியூபில் இருந்த சக்கரத்தைத் தொட்டுக் காட்டினேன். "இதுதான் அண்ணே அந்தக் கட்டை. இங்க முன்னால உங்க வீட்டம்மா மட்டும்தான் இருக்காங்க."

அவர் பாட்டிலைப் பார்த்தார், டியூபைப் பார்த்தார், கடைசியில் மனைவியின் கையில் ஊசி குத்தியிருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு தன் ஸ்டூலைக் கட்டிலை விட்டு ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. சக்கரத்தை மறுபடி நாற்பத்திரண்டுக்குத் திறந்து வைத்து, என் கடிகாரத்தைக் காட்டி அவரையே எண்ணச் சொன்னேன். அவர் உதட்டை அசைத்து எண்ணினார். நாற்பதுக்கு மேல் போய் நின்றது. "வேகமானா என்ன செய்வீங்க?" "தொட மாட்டேன், உங்களக் கூப்பிடுவேன்." "நின்னு போனா?" "அப்பமும் தொட மாட்டேன், உங்களத்தான் கூப்பிடுவேன்." நோயாளிக்குச் சொல்லிக் கொடுப்பது என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். நான் ஷிஃப்ட் முடிந்து கிளம்பும்போது எதிர்க்கட்டிலில் ஒருவர் சக்கரத்தில் கை வைக்கப் போக, இவர் அங்கிருந்தே, "ஏலே, கட்டையில கை வைக்காத" என்று அதட்டினார். அன்று வீட்டில் சாப்பிடும்போது மாமியாரில் தொடங்கி எல்லோருக்கும் இந்தக் கதைதான். என் கணவர் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "ஜெயிச்சுட்ட, போ" என்றார்.

மறுநாள் காலையில் வார்டுக்குள் நுழைந்தபோதே எனக்குச் சிறகு முளைத்த மாதிரிதான் இருந்தது. அக்காவின் கணவர் வாசலிலேயே என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார், தேருக்குப் போய்விட்டு வரலாமா என்று. "நாங்க பார்த்துக்கிடுவோம், போயிட்டு வாங்க அண்ணே" என்றேன். அவர் கிடைத்த முதல் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். ரத்தப் பரிசோதனை ரிசல்ட் அதற்குப் பிறகுதான் வந்தது.

பொட்டாசியம் ஏறவில்லை. நேற்று எங்கே கிடந்ததோ அங்கேயே கிடந்தது, ஏதோ போனால் போகிறதென்று ஒரு நூல் நகர்ந்திருந்தது. டாக்டர் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னைக்கும் ஏத்துவோம். சாயந்திரம் ரத்தத்துலயும் இப்படியே இருந்தா மதுரைக்கு அனுப்பிருவோம். நம்மகிட்ட வச்சிக்கிட்டு ரிஸ்க் எடுக்க வேணாம்" என்றார். ஈசிஜியில் நேற்று இல்லாத ஒரு துடிப்பு இன்று இடையிடையே துள்ளித் துள்ளி வந்துகொண்டிருந்தது. மதுரைக்குப் போகும் வழியில் ஆம்புலன்ஸில் அது என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது.

என் நேற்றைய கொண்டாட்டம் பொசுக்கென்று அணைந்துவிட்டது. நேராகப் போய்க் கணக்கைப் பிரித்தேன். மருந்தின் அளவு சரி. பாட்டில் சரி. மணிக் கணக்கு சரி. மூன்றால் வகுத்ததும் சரி. மாலை ஷிஃப்டில் இருந்தவரை போனில் எழுப்பிக் கேட்டேன். சொட்டு மாறவே இல்லை, பாட்டில் முடிய வேண்டிய நேரத்தில் முடிந்தது, அந்த ஆள் கட்டிலுக்குக் காவல் நாய் மாதிரி உட்கார்ந்திருந்தார் என்றார். குடிக்கிற பொட்டாசியம் மருந்தும் கொடுத்தாகிவிட்டது. உள்ளே போவதெல்லாம் சரியாகப் போகிறது. அப்படியென்றால் எங்கேயோ வெளியே போகிறது. வாந்தி இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை என்று எழுதியிருக்கிறேன். யார் சொன்னது? கணவர்.

அங்கேதான் எனக்கு உறைத்தது. இரண்டு நாளாக என் நோயாளியின் குரலை நான் கேட்டதே இல்லை.

அந்த அக்காவின் கட்டிலில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஸ்டூல் காலியாக இருந்தது. "அக்கா, நேத்து அந்த மருந்து வேகமா போச்சுல்ல, அப்போ கை எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது" என்றார். மெல்லிய குரல், ஆனால் தெளிவான குரல். "உசுரு போயிட்டு."

"அப்பவே ஏன் சொல்லல?"

"அவியதான பதில் சொல்லிட்டிருந்தாவ."

எனக்கு முகத்தில் சுளீரென்று அறைந்தது போல இருந்தது. சரி, முதலிலிருந்து கேட்போம் என்று, "இன்னைக்குக் காலையில என்னெல்லாம் சாப்பிட்டீங்க, ஒண்ணு விடாம சொல்லுங்க" என்றேன்.

அவர் விரல் விட்டுச் சொன்னார். "இட்லி. டீ. நீங்க குடுத்த அந்த வாயில வைக்க வெளங்காத மருந்து. நீங்க குடுத்த மாத்திரை. பொறவு நீங்க மறந்த மாத்திரை."

"நான் மறந்த மாத்திரையா?"

தலையணைக்கு அடியிலிருந்து ஒரு சின்ன மணிபர்ஸை எடுத்தார். அதற்குள் ஒரு அட்டை, பாதி காலியாகியிருந்தது. "வீட்டுல தெனம் ரெண்டு போடுவேன். இங்க நீங்க ஒண்ணுதான் குடுத்தீங்க. வேலை மும்முரத்துல மறந்துட்டீங்க போலன்னு நானே போட்டுக்கிட்டேன். உங்கள ஏன் தொந்தரவு பண்ணணும்?"

அட்டையைத் திருப்பிப் பெயரைப் படித்தேன். நீர் மாத்திரை. உடம்பில் சேர்ந்த நீரைச் சிறுநீரில் வெளியே தள்ளுவது. தள்ளும்போது பொட்டாசியத்தையும் சேர்த்துத் தள்ளுவது. நாங்கள் சொட்டுச் சொட்டாக எண்ணி மேலே ஏற்றிக்கொண்டிருக்கிறோம். இவர் எங்களுக்கு உதவியாகக் கீழே திறந்துவிட்டுக்கொண்டிருக்கிறார்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "இதை யாரு அக்கா குடுத்தது?"

"அடுப்பு முன்னால நின்னு நின்னு காலு வீங்குதுன்னு மருந்துக்கடையில கேட்டேன். ஒரு வாரத்துக்குக் குடுத்தாவ. அதுக்கு முன்னால ஒரு முகாம்ல பிரஷர் பாத்துட்டு, மாத்திரைய எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாதுன்னு ஒரு சிஸ்டர் சொல்லியிருந்தாங்க. ரெண்டும் ஒரே கவர்லதான கெடக்கு. அதான் நிறுத்தல. தீரத் தீர வாங்கிக்கிட்டேன்."

சொன்ன பேச்சைக் கேட்டதுதான் அவர் செய்த தப்பு. நிறுத்தாதே என்று நாங்கள் ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்போம். எதை, எதற்கு, எத்தனை நாளைக்கு என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்போம்?

அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வராந்தாவில் ஓடினேன். ஓடக் கூடாது என்று எங்களுக்குச் சட்டமே உண்டு. டாக்டர் வேறொரு நோயாளியின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மூக்குக்கு நேரே அட்டையை நீட்டினேன். காதிலிருந்து கழற்றாமலே பெயரைப் படித்தார். பிறகு கழற்றினார். "எப்படிப் பிடிச்சீங்க?" என்றார். "கேட்டேன் டாக்டர், சொன்னாங்க" என்றேன். வேறென்ன சொல்ல?

அன்று பூராவும் அந்தக் கட்டிலைச் சுற்றியே இருந்தேன். மறுபடியும் பாட்டில், மறுபடியும் மூன்றால் வகு. ஆனால் இந்த முறை சக்கரத்தை விட்டுவிட்டு அந்த அக்காவிடம் பேசினேன். "பாலைச் சுண்டக் காய்ச்சுறீங்கல்ல, தண்ணி ஆவியா போயிரும், சத்து வாணலியில தங்கிரும். இந்த மாத்திரை அப்படி இல்ல அக்கா. தண்ணியைப் போகச் சொன்னா, கூடவே சத்தையும் கூட்டிக்கிட்டுப் போயிரும்."

அக்கா கையால் கிண்டிக் காட்டினார். "அப்பம் நான் இம்புட்டு நாளும் வெறும் வாணலியத்தான் கிண்டிட்டு இருந்திருக்கேன்" என்றார். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் எதிர்க்கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

ஷிஃப்ட் முடிந்தும் நான் கிளம்பவில்லை. லேப் ஜன்னலுக்கு வெளியே நின்று, உள்ளே இருந்த பையனை அவன் சலித்துக்கொள்ளும் வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருவழியாகப் பேப்பர் வந்தது. ஏறியிருந்தது. இன்னும் பத்தாது, ஆனால் நன்றாகவே ஏறியிருந்தது. மதுரை வேண்டாம் என்று டாக்டர் தலையை ஆட்டினார். நான் அந்தப் பேப்பரை வைத்துக்கொண்டு வார்டு முழுக்க ஒரு சுற்று சுற்றி வந்தேன். தளவாய்புரம் பஸ் போனால் போகட்டும்.

தேர் நிலைக்கு வந்த பிறகு அவர் கணவர் வந்து சேர்ந்தார். தொண்டை கட்டி, மேலெல்லாம் புழுதி. வந்ததும் முதலில் பாட்டிலைத்தான் பார்த்தார். உதட்டை அசைத்து எண்ணினார். சரியாக இருந்திருக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் மனைவியின் முகத்தைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். மாத்திரை அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "எனக்கே தெரியாதே சிஸ்டர். ஏட்டி, எங்கிட்டச் சொல்லவே இல்லியே?" என்றார். அக்கா மேலே ஓடும் ஃபேனைப் பார்த்தார்.

அந்த வாரமே வீட்டுக்கு அனுப்பினோம். அதற்குள் அக்கா வராந்தாவில் யாருடைய கையையும் பிடிக்காமல் நடந்துகொண்டிருந்தார். ஈசிஜி கோடு நேராக, ஒழுங்காக ஓடியது. கிளம்பும் அன்று மருந்துக் கவரோடு போய் நின்று வழக்கமான கேள்வியைக் கேட்டேன். "வீட்டுக்குப் போய் என்னென்ன செய்வீங்க, எனக்குத் திருப்பிச் சொல்லுங்க பார்ப்போம்."

"காலையில பிரஷர் மாத்திரை ஒண்ணு சிஸ்டர், பொறவு" என்று கணவர் தொடங்கினார்.

"செத்த சும்மா இருங்க" என்றார் அந்த அக்கா. "என்னையத்தான கேக்காவ."

கணவர் ஒரு அடி தள்ளி நின்றார். அக்கா கட்டிலில் நேராக உட்கார்ந்து, கவரை என் கையிலிருந்து வாங்கி, ஒவ்வொரு அட்டையாக எடுத்து மடியில் வரிசையாக வைத்தார். இது பிரஷருக்கு, நிறுத்தக் கூடாது. கால் வீங்கினால் கடைக்குப் போகக் கூடாது, இங்கே வர வேண்டும். பர்ஸில் இருந்த பழைய அட்டையை நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள், இனி அது கிடையாது. ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. எனக்கு அப்படியே அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. "சரி அக்கா, எல்லாம் சரி, கிளம்புங்க" என்றேன்.

அவர் கிளம்பவில்லை. மடியில் இருந்ததில் ஒரு அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். அன்று காலையில்தான் டாக்டர் புதிதாக எழுதியது. கவரில் போட்டுக் கட்டியிருந்தேனே தவிர, அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

"இது எதுக்கு சிஸ்டர்? எம்புட்டு நாளைக்கு?"

வாசலில் ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.